இல்லறக் கணக்கு: தந்தையார் விட்டுச்சென்ற வண்டி

சென்ற இதழ் வெளிவந்த பின்னர் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றற்கு விடை எழுதுவது நமக்கு எளிதாயிருக்கவில்லை. எழுதியவர் மைசூரில் வாழும் ஒரு சகோதரி. பிறந்த ஊர் தருமபுரிப் பக்கம். அவர் கணவர் பழைய பியட் வண்டியொன்றை வாங்கி வந்து, வீட்டு முன்றிலில் தார்ப்பாய் போர்த்தி வைத்து, விடுமுறைதோறும் அதனைப் பிரிப்பதும் பூட்டுவதுமாய் இருக்கின்றாராம். “அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஆதலால் குறை கூற எனக்கு வாயில்லை. ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்து வைத்த பணம் திங்கள்தோறும் கரைகின்றது. எவ்வளவு போயிற்று என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மனம் நோகாமல் இதனை அவரிடம் எவ்வாறு எடுத்துரைப்பது?” என்பது அவர் வினா.

அச்சகோதரிக்கு அறிவுரை கூறும் தகுதி நமக்கு உண்டா என்று ஐயுற்றோம். ஏனெனில் அவர் கணவர் இன்று செய்வதனை நாமும் செய்தோம். அவரினும் மோசமாகவே செய்தோம். ஆதலின் அறிவுரையை ஒருபுறம் வைத்துவிட்டு, நம் வீட்டில் நடந்ததை நடந்தவாறே எழுதுகின்றோம். கணவரும் மனைவியும் சேர்ந்தமர்ந்து படிப்பார்களாயின் மகிழ்வோம்.

நம் தந்தையார் மேட்டூரில் வாழ்ந்தவர். 1979ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. ஊரில் எவரும் அதனைப் பத்மினி என்று சொல்வதில்லை. பியட் என்றே சொல்வர். பம்பாய்க் குர்லாவில் 1964 முதல் செய்யப்பட்டு, 1970களில் பத்மினி என்னும் பெயர் பெற்று, 2000ஆம் ஆண்டுவாக்கில் நின்றுபோன வண்டி அது. 1,089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே கியர். பள்ளி விடுமுறையில் நம்மையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டு அவர் அணைக்கட்டிற்குச் செல்வது வழக்கம். அவர் 2021இல் மறைந்தார். வண்டி இரண்டாண்டு ஓடாமல் நின்றது. காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை பேசிச் சென்றதாக அன்னையார் தொலைபேசியில் கூறிய அன்றே, 2023 சனவரியில், நாம் புறப்பட்டுச் சென்று அதனை மினி லாரியில் ஏற்றி மைசூருக்குக் கொணர்ந்தோம்.

வந்த வழி பாலாற்று வழி. வேலூர்ப் பக்கத்து அன்பர்கள் தங்கள் பாலாறு என மயங்க வேண்டா. நந்தி மலைப் பக்கம் தோன்றி வாணியம்பாடி வழியாகக் கிழக்கே சென்று கடலில் கலப்பது அது. நாம் கூறுவது மாதேசுவரன் மலையின் அடிவாரத்தில் காவிரியோடு சேரும் சிற்றாறு. கொளத்தூர், கோவிந்தபாடி கடந்து அதன் பாலத்தைத் தாண்டினால் கருநாடகம். 1997 வரை அவ்விடம் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று சாமராசநகர் மாவட்டம். சாவடியில் வண்டியின் தாள்களைக் கேட்டார்கள். எல்லாம் மறைந்த தந்தையார் பெயரிலேயே இருந்தன. கேட்டவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “முதலில் பெயரை மாற்றுங்கள்” என்று கூறி விடுத்தார். நாமோ முதலில் பெயின்ட் அடித்தோம்.

அங்கேதான் நம் அறியாமை தொடங்கிற்று. வண்டி பளபளவென்று நிற்பதைக் காண ஆசை. டிங்கரிங் பட்டறையில் விட்டு, பட்டி பார்த்து, தந்தையார் வண்டியின் பழைய வெண்ணிறத்தையே அடிக்கச் செய்தோம். அக்கம்பக்கத்தார் வந்து பாராட்டினர். மூன்று திங்கள் கழித்து எஞ்சினை இறக்கும்போதுதான், காலடித் தகடு முழுதும் துருவேறியிருந்தது தெரிந்தது. அதனை வெட்டி வேறு தகடு வைத்துப் பற்ற வைக்க, மேலே அடித்த பெயின்ட் பொரிந்து கொப்புளித்தது. மீண்டும் பட்டி, மீண்டும் பெயின்ட். பட்டறைக்காரர்மேல் குற்றமில்லை. அவர் முதலிலேயே தரையைப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். நாம்தாம் பிறகு ஆகட்டும் என்றோம். பிரேக், ஸ்டியரிங், டயர், மின்கம்பி, பெட்ரோல் குழாய் ஆகியவை முதலில், தரைத் தகடும் எஞ்சினும் அடுத்து, பெயின்ட் கடைசியில். இவ்வரிசையை மாற்றுவோர் ஒரு வேலைக்கு இருமுறை கூலி கொடுப்பர்.

உதிரிப்பாகம் தேடியது தனிக்கதை. பம்பாயில் கறுப்பும் மஞ்சளுமாய் ஓடிய பத்மினி டாக்சிகள் இருந்தவரை இவ்வண்டியின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபரில். இருபதாண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அவை விடைபெற்றன. நாமோ அவ்வாண்டில்தான் தேடத் தொடங்கினோம். சென்னைப் புதுப்பேட்டைக்கு ஒருமுறை, பெங்களூர் ஜே.சி. சாலைக்கு நான்குமுறை சென்று வந்தோம். ஒரு பிடிக்கும் இரண்டு ரப்பர் வளையத்திற்கும் பெங்களூர் சென்ற நாளில், பொருளின் விலை 350 ரூபாய். பேருந்து, உணவு முதலிய வழிச்செலவு அதனினும் மிகுதி. எனினும் வெற்றி வீரனைப்போல் வீடு திரும்பினோம். மைசூர்க்காரர்க்கு இப்பித்து புதிதன்று. யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்ட பின்னும், அங்கே பிறந்த மோட்டார் சைக்கிள்களைக் குழந்தைபோல் போற்றுவோர் இந்நகரில் பலர். இரு சக்கரத்தோடு நிறுத்திக்கொண்ட அவர்கள் நம்மினும் அறிவுடையோர்.

அக்காலத்தில் நம் வீட்டு வரவு திங்களுக்கு 46,000 ரூபாய். வாடகை 11,000, ஊரில் அன்னையார்க்கு 5,000, சீட்டுக்கு 5,000, மகனின் படிப்பு, மளிகை, பால், மின்சாரம் எல்லாம் போக எஞ்சுவது மூவாயிரம் இருந்தால் பெரிது. இந்த மூவாயிரத்தில் வண்டி எழுந்துவிடும் என்று நாம் நம்பினோம் என்பதைவிட, கணக்குப் பார்க்க அஞ்சினோம் என்பதே உண்மை. எஞ்சினின் கிராங்க்கைக் கடைந்து, ரீபோர் செய்து, பிஸ்டன் மாற்ற வேண்டிய நாளில் கையில் பணமில்லை. நம் துணைவியார் ஒன்றும் பேசாமல் தம் வளையல் இரண்டைக் கழற்றிக் கொடுத்தார். அடகில் 40,000 கிடைத்தது. இரண்டு திங்களில் மீட்டுத் தருவதாகச் சொன்னோம். ஏழாம் திங்களில் சேலத்தில் அவர் அண்ணன் மகளுக்குத் திருமணம். கண்ணாடி வளையல் அணிந்து சென்றார். எவர் கேட்டாரோ, அவர் என்ன விடை கூறினாரோ, இன்றுவரை நமக்குத் தெரியாது.

திருமணத்திலிருந்து திரும்பிய மறுவாரம் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். “வண்டிக்கு இதுவரை எவ்வளவு ஆயிற்று?” என்று கேட்டார். சிறிதும் தயங்காமல், “ஒரு லட்சத்துப் பத்தாயிரம்” என்றோம். பொய் சொல்லும் எண்ணமில்லை. அத்தொகையே நம் மனத்தில் இருந்தது. அவர் நம் கைப்பேசியை வாங்கி, பதினான்கு திங்களாகப் பணம் செலுத்திய பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாய்ப் படிக்கச் சொல்லி எழுதினார். சட்டைப் பைகளிலும் வண்டிப் பெட்டியிலும் கிடந்த ரசீதுகளும் வெளிவந்தன. டிங்கரிங்கும் இருமுறை பெயின்ட்டும் 62,000. எஞ்சின் 48,000. டயரும் பாட்டரியும் 17,500. உதிரிப்பாகம் 29,000. லாரி வாடகையும் வழிப்பயணமும் 16,000. பதிவு, வரி, காப்பீடு 14,500. ஆகக்கூடி 1,87,000 ரூபாய்.

முதலிரண்டையும் கூட்டினால் 1,10,000 வருவதை அன்பர்கள் கவனித்திருப்பர். பட்டறைக்குக் கொடுத்ததை மட்டுமே நாம் செலவென்று எண்ணியிருந்தோம். மிச்சம் 77,000 ரூபாய் நம் நினைவிலேயே இல்லை. திங்களுக்கு 5,500 வீதம், நாம் கட்டிய சீட்டுத் தொகையினும் கூடுதலாக, எவர் கண்ணிலும் படாமல் போயிருந்தது. அதில் வட்டி சேரவில்லை. சகோதரி எழுதியிருக்கும் “அவருக்கும் தெரியவில்லை” என்னும் சொல் எத்துணை உண்மையென்று நாம் அறிவோம். அவர் கணவர் மறைக்கவில்லை, எண்ணவில்லை.

அன்றிரவு வண்டியை விற்றுவிடுகிறோம் என்றோம். துணைவியார் இசையவில்லை. “மாமா ஓட்டிய வண்டி. விற்க வேண்டா. ஆனால் வீட்டுப் பணத்தில் அது கைவைக்கக் கூடாது” என்றார். வளையல் மீளும்வரை வண்டிக்கு ஒரு காசும் இல்லை என்று ஏற்பாடாயிற்று. பாட்டரியைக் கழற்றி, சக்கரங்களைத் தரையில் படாமல் கல்மேல் ஏற்றி, தார்ப்பாய் மூடி ஓராண்டு நிறுத்தினோம். வளையலை மீட்டபின், திங்களுக்கு 1,500 ரூபாய் ஒரு தகரப் பெட்டியில் விழும். பெட்டியில் இருந்தால் வேலை, இல்லையேல் இல்லை. இரவல் இல்லை, அடகு இல்லை. ஞாயிறுகளில் நாம் எழுதும் மொழிபெயர்ப்புக்கு வரும் சிறு தொகையும் அப்பெட்டிக்கே.

இனி, ஊர் வண்டியை இங்குக் கொணர எண்ணுவோர்க்குத் தாள் செலவைப் பற்றிச் சில சொற்கள். உரிமையாளர் மறைந்திருந்தால் முதலில் படிவம் 31இன் வழி வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். வேற்று மாநிலத்தில் பன்னிரண்டு திங்களுக்குமேல் வைத்திருப்பதாயின், ஊர்ப் பதிவு அலுவலகத்தில் படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே படிவம் 27இல் புதிய எண்ணுக்கு விண்ணப்பித்து, வரியும் செலுத்த வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபதாண்டு கடந்த வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டுக்கொருமுறை வரும் செலவு இது. நாம் 2024இல் புதுப்பித்தோம். 2029க்குப் பெட்டியில் தனியே சேர்க்கின்றோம். மூன்றாம் நபர் காப்பீடு 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய் என 2022 சூனில் வரையறுக்கப்பட்டது, வரி தனி.

பழைய எஞ்சினுக்கு மாற்றாக வேறு வண்டியின் எஞ்சினைப் பொருத்தினால் செலவு குறையும் என்று சிலர் கூறுவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தவர் குறித்த அமைப்பினை நம் விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கின்றது; உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதனை வலியுறுத்தியது. ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழமைச் சிறப்புடையவை எனப் பதிவதற்கு 2021இல் வந்த விதியும், அடிப்படை அமைப்பு மாறாதிருக்க வேண்டும் என்கின்றது. அப்பதிவு பெற்றால் அன்றாடம் ஓட்ட இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே உரியது. இதனைக் கேட்ட நம் துணைவியார், “அப்படியானால் காய்கறி வாங்க எதில் போவது?” என்றார். அப்பேச்சை அத்துடன் விட்டோம்.

மேலும் ஒன்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் வந்துவிட்டது. பழைய வண்டியின் ரப்பர்க் குழாய், கார்புரேட்டர் வளையம், பெட்ரோல் பம்பின் சவ்வு ஆகியவை அதற்கென ஆனவையல்ல. இளகியும் வெடித்தும் கசியக்கூடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுதல் சிறு செலவே. பெயின்ட்டிற்குமுன் இதனைச் செய்க. கசியும் பெட்ரோல் தீக்குக் காரணமாகும்.

சகோதரிக்கு: உங்கள் கணவரிடம் வண்டியை வேண்டாமென்று சொல்லாதீர்கள். ஒரு மாலை, தேநீர் கொடுத்து, கைப்பேசியையும் நோட்டையும் எடுத்து, தொடக்கம் முதல் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுங்கள்; அவர் படிக்கட்டும். மொத்தத்தைக் கூட்டும் வேலையையும் அவரிடமே விடுங்கள். அதன்பின் நீங்கள் அதிகம் பேச வேண்டியிராது. மகளின் கட்டணம் இவ்வாண்டு கட்டப்படும்வரை வண்டியைக் கல்மேல் ஏற்றி வைக்கக் கேளுங்கள். வண்டி ஓராண்டு காத்திருக்கும், கல்லூரி காத்திராது. அவர் முகம் சுளித்தால் இவ்விதழைக் கொடுத்து, மைசூரில் இன்னொருவர் இதே வேலையைச் செய்து கண்ணாடி வளையல் வரை வந்தார் என்று கூறுங்கள். வளையலைக் கேட்டால் மட்டும் கொடாதீர்கள்.

சென்ற ஆடிப்பெருக்கிற்கு அவ்வண்டியிலேயே மேட்டூர் சென்றோம். நரசீபுரம், கொள்ளேகால், அனூர் வழியாக மலையேறி இறங்கிப் பாலாறு சேர்ந்தபோது வண்டி நன்றாகவே ஓடிற்று. அன்னையார் முன்னிருக்கையில் அமர்ந்து அணைவரை வந்தார். திரும்புகையில், மலையேறுமுன் சாவடியருகே நிறுத்தி ரேடியேட்டரைக் குளிரவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். நால்வரும் தேநீரும் போண்டாவும் உண்டோம். 140 ரூபாய் ஆயிற்று. துணைவியார் நோட்டை எடுத்தார். நாம் வீட்டுக் கணக்கு என்றோம். அவர் வண்டிக் கணக்கில் எழுதினார்.