ஒரு நாள் தொண்டர்கள்

ஐம்பதுகளில் சிரமதானம் என்றார்கள். இன்று கம்பெனிகள் ‘சமூக சேவை தினம்’ என்கின்றன.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். இனி இங்கும் பஸ் பஸ்ஸாகத் தொண்டர்கள் வரலாம். வரட்டும். ஒரே நிறப் பனியன் அணிந்து ராஜகிரி அடிவாரத்தில் குப்பை பொறுக்கட்டும், போட்டோவுக்கு நிற்கட்டும். மறுநாள் காலை அதே இடத்தைக் கூட்டப் போவது யார்? கூலிக்குக் கூட்டுகிறவள்தானே! அவள் படம் எந்த ஆண்டறிக்கையில் வரும்?

உள்ளூர்ச் சங்கத்தின் பாடு இன்னும் மோசம். தன் வேலையை நிறுத்திவிட்டு, வந்தவர்களுக்குத் துடைப்பமும் குடிதண்ணீரும் தேடி அலைய வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணத்தைப் பெற்றுச் செலவிடும் சங்கங்கள், 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் பதிவு பெற்றாக வேண்டும். அதற்குப் படிவம், தணிக்கையாளர் கையெழுத்து என்று எத்தனையோ. இவற்றில் கைதேர்ந்த கம்பெனிக் கணக்கர், மலையடியில் புல் பிடுங்குவதா? புல் பிடுங்கத் தெரிந்தவர்கள் செஞ்சியில் ஏராளம், ஐயா!

தெரிந்த வித்தையைக் கொடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை வீதம் ஒரு வருஷம் வாருங்கள். தொண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் வந்து போவது உல்லாசப் பயணம். அதற்குத் துடைப்பம் எதற்கு?