கொலனோஸ்கோபி பரிசோதனையின் தரத்தை அளந்து பதிவு செய்யக் கோரும் மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

குடல் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் சேர்ந்த எங்கள் சங்கம் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறது.

எங்கள் உறுப்பினர்கள் கொண்டுவரும் கொலனோஸ்கோபி அறிக்கைகள் பலவற்றில் ‘பெருங்குடல் இயல்பாக உள்ளது’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. குழாய் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை சென்றதா, குடல் எந்த அளவு சுத்தமாக இருந்தது, குழாயை வெளியே எடுக்கும்போது எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்ற விவரம் எதுவும் இல்லை. குடல்வால் துளை தெரியும் ஒரு படம் இருந்தால்கூட, கடைசி வரை பார்த்ததற்கு அது சாட்சியாகும். அதுவும் இல்லை. மலம் மறைத்த இடத்தில் பாலிப் என்ற சதை வளர்ச்சி இருந்தால் யாருக்குத் தெரியும்? அந்த ஒரு வரியை நம்பி நோயாளி ஆண்டுக்கணக்கில் அடுத்த பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுகிறார்.

அளப்பதால் பலன் உண்டு. பிரிட்டனில் 2004-இல் வெளியான தணிக்கையில், சீக்கத்தை எட்டியதாகப் பதிவான பரிசோதனைகள் சுமார் 77 சதவீதமே. பயிற்சியும் கண்காணிப்பும் கூடிய பின், 2011 தணிக்கையில் அது 92 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு மருத்துவர் அடினோமா வகைப் பாலிப்பைக் கண்டறியும் விகிதம் 1 சதவீதம் உயர்ந்தால், அவரிடம் பரிசோதித்துக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் குடல் புற்றுநோய் வரும் அபாயம் சுமார் 3 சதவீதம் குறைகிறது என்று 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

இந்த விகிதத்துக்கு அமெரிக்காவில் 2024-இல் வகுத்த இலக்கு, 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 35 சதவீதம். அதை அப்படியே இங்கு திணிக்க நாங்கள் கேட்கவில்லை. நம் மக்களிடம் அடினோமா குறைவு. இங்கே பெரும்பாலோர் ரத்தப்போக்கு, வலி என்று வந்த பிறகே பரிசோதிக்கப்படுகிறார்கள். எனவே முதல் ஓராண்டு பதிவு மட்டும் நடக்கட்டும். நமக்கான இலக்கை அதன்பின் நம் மருத்துவர்களே வகுக்கட்டும். தனி மருத்துவரின் விகிதத்தை வெளியிடவோ அதை வைத்துத் தண்டிக்கவோ வேண்டாம். பயிற்சிக்கு மட்டும் பயன்படட்டும்.

ஆகவே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் ஒரே மாதிரியான அறிக்கைப் படிவத்தைக் கட்டாயமாக்க வேண்டும். சீக்கத்தின் படம், பாஸ்டன் அளவுகோலில் குடல் சுத்தத்தின் மதிப்பெண், குழாயை வெளியே எடுத்த நேரம், கண்ட பாலிப்புகளின் எண்ணிக்கை, திசுப் பரிசோதனை முடிவு, குடலில் துளை விழுதல், ரத்தக்கசிவு போன்ற சிக்கல்கள் அதில் இடம்பெற வேண்டும். படிவத்தின் நகல் நோயாளியின் கையில் சேர வேண்டும்.

பேதி மருந்து பற்றித் தனியே சொல்ல வேண்டும். பாதியை முந்தின மாலையும் மீதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பும் குடித்தால்தான் குடல் நன்கு சுத்தமாகும். வெளியூரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வருபவர் அந்த இரண்டாம் பாதியை எங்கே குடிப்பார்? குடித்துவிட்டுப் பேருந்தில் எப்படி உட்காருவார்? அதனால் முழுவதையும் முந்தின இரவே குடித்துவிட்டு வருகிறார்கள். வெளியூர் நோயாளிகளுக்குப் பிற்பகல் நேரம் ஒதுக்கவும், கழிப்பறையுடன் கூடிய காத்திருப்பு அறை ஒன்று தரவும், மருந்து குடிக்கும் முறையைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கவும் வேண்டுகிறோம்.

இப்பணிக்குப் பொறுப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, எடுக்கும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயற்குழுவுக்காக,
சங்கச் செயலாளர்

நகல்: மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்கள்