மின் கட்டணம்: மிச்சம் எவ்வளவு?



2025 ஜூலை முதல் தெனாகா நேஷனல், வீடுகளுக்கு நேர அடிப்படைக் கட்டணத்தையும் விருப்பத் தேர்வாக வழங்கியது. திறன் மீட்டர் முதலில் பரவலாகப் பொருத்தப்பட்ட மாநிலம் நம் மலாக்கா என்பதால் இங்கு பலரும் மாற விழைகின்றனர். மாறுமுன் கணக்கிடுதல் நன்று.

1,500 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு வழக்கமான எரிசக்திக் கட்டணம் 27.03 சென் என அறிவிக்கப்பட்டது. இத்தேர்விலோ, வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை 28.52 சென்; பிற நேரங்களில் 24.43 சென்.

ஜாசின் பக்கத் தோட்டக் குடும்பமொன்று மாதம் 300 யூனிட் பயன்படுத்துவதாகக் கொள்வோம். உச்ச நேரத்தில் 120 யூனிட் எனில் மிச்சம் ஏறத்தாழ 2 ரிங்கிட் 89 சென். 200 யூனிட் எனில் 38 சென் நட்டம்! (ஐந்தாம் ஆண்டு மாணவரே செய்யக்கூடிய தசமக் கணக்குதான்.) பிள்ளைகள் பள்ளி விட்டு வீட்டிலிருப்பதும் அந்நேரத்தில்தானே?

மூன்று ரிங்கிட்டுக்காக, விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தாய் இரவு பத்துக்கு மேல் துணி துவைப்பது எனக்கு ஏற்புடையதன்று. சனி, ஞாயிறு முழுவதும் குறைந்த கட்டணமே. துவைப்பதையும் சீருடைக்கு இஸ்திரி போடுவதையும் அந்நாள்களுக்கு ஒதுக்க இயலுமாயின் மாறலாம்.