மைக் இல்லாத கச்சேரி

"நாகேஸ்வர ராவ் பார்க்னா, தேவதாஸ்ல நடிச்சாரே, அவர் பேரா மாமா?" என்று கேட்டான் அக்கா மகன். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சென்னை மயிலாப்பூரின் லஸ் சர்ச் ரோட்டில் இருக்கும் இந்தப் பூங்காவில் வருஷக்கணக்காக என்னோடு நடக்கிறவர்களில் பாதிப் பேருக்கே விவரம் தெரியாது. பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். தலைவலித் தைலம் என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள்.

ஆமாம், அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவ்தான். கிருஷ்ணா மாவட்டத்துக் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு. 1893-ல் பம்பாயில் அந்த மஞ்சள் தைலத்தைத் தொடங்கினார். தொடக்க காலத்தில் அதற்கு எப்படி விளம்பரம் தேடினார் தெரியுமா? சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாக விநியோகித்தார். பாட்டு கேட்க வந்தவர்களுக்குத் தலைவலி வரும் என்று எதிர்பார்த்தாரா, அதை வித்வான்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

வந்த பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை மனிதர். 1908-ல் பம்பாயில் 'ஆந்திர பத்ரிகா' என்ற வார இதழ். 1914-ல் அது சென்னைக்கு வந்து நாளிதழானது. 1924-ல் 'பாரதி' என்ற இலக்கிய மாத இதழ். உப்பு சத்தியாகிரகத்தில் சிறை. தெலுங்கர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் 'தேசோத்தாரக'.

லஸ்ஸில் அவர் வீட்டின் பெயர் ஸ்ரீபாக். 1937 நவம்பர் 16 அன்று கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் அங்கே உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தனி ஆந்திர மாநிலம் அமைந்தால் தலைநகரம் ஒரு பக்கம், உயர் நீதிமன்றம் இன்னொரு பக்கம். எங்கே எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ராயலசீமைக்கு. 1953-ல் ஆந்திரம் பிறந்த பின் கர்னூல் தலைநகரமாகவும் குண்டூர் நீதிமன்ற நகரமாகவும் ஆனது இந்த மயிலாப்பூர்ப் பேச்சின்படிதான். அந்த மாநிலத்துக்காகப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டதும் இதே மயிலாப்பூரில், ராயப்பேட்டை நெடுஞ்சாலை வீடொன்றில். அந்த மாநிலம் பிறந்ததைப் பந்துலு பார்க்கவில்லை. ஒப்பந்தமான ஐந்தாவது மாதம், 1938 ஏப்ரலில், போய்விட்டார்.

'மதராஸ் மனதே' (மதராஸ் நம்முடையதே) என்று தெலுங்கர்களும் 'விட மாட்டோம்' என்று நாமும் மல்லுக்கட்டிய ஊர் இது. அதன் நடுவில் ஆந்திர இயக்கத்து முன்னோடி ஒருவரின் பெயர் சுரண்டப்படாமல் நிற்கிறது. மயிலாப்பூரின் பெருந்தன்மை என்று சொல்ல ஆசைதான். யாருக்கும் நினைவில்லாததுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

பூங்கா பெரிதல்ல, ஏறக்குறைய 4 ஏக்கர். சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பராமரிக்கிறது. அதனால் பாதை சுத்தம், புல் பச்சை. நல்ல மரங்கள்; பகல் பதினொரு மணிக்கும் பெஞ்சில் நிழல் கிடைக்கும். காலையில் வேக நடைக்காரர்கள், மாலையில் ஊஞ்சலுக்கு வரிசை நிற்கும் பிள்ளைகள். இடையில் செல்போனில் ஊருக்கே கேட்கும்படி பங்குச் சந்தை பேசுகிறவர்கள். இவர்களுக்கு மட்டும் தனிப் பாதை போட்டால் புண்ணியம்.

அவர்களும் அடங்கும் ஒரு நேரம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, சதுரங்கத் திடலில் கச்சேரி. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள் பாடுகிறார்கள். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. போன முறை ஒரு சிறுமி மோகனம் பாடினாள். காக்கை ஒன்று விடாமல் கூடவே கத்தியது, அவளும் விடவில்லை. கச்சேரிக்குக் கச்சேரி தைலம் கொடுத்தவரின் பெயர் தாங்கிய இடத்திலேயே ஒரு கச்சேரி. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

அக்கா மகனை அடுத்த முறை அழைத்துப் போகிறேன். நீங்களும் வாருங்கள். 7 மணிக்கு ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்து முன்வரிசையில் இடம் பிடித்துவிடுங்கள். பின்னால் உட்கார்ந்தால் காக்கை மட்டும்தான் கேட்கும்.