இலவசம் என்றால் இழிவா?

“வரலாறு படித்து என்ன சம்பாதிப்பான்?” கோட்டைப்பட்டினத்திலும் அம்மாபட்டினத்திலும் பெற்றோர் நம்மிடம் இப்படித்தான் கேட்கின்றனர். பொறியியல் இடத்திற்காக நகையை அடகு வைக்கத் தயங்காதவர்கள் கேட்கும் கேள்வி இது! புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இளநிலை வரலாற்றுக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. சில்லறைக் கட்டணங்களும் பேருந்துச் செலவும்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று வரும் பெண்மக்களுக்கு 2022 முதல் மாதம் ரூ.1,000 அரசே வழங்குகிறது.

பட்டம் மட்டும் சோறு போடாது; ஒப்புக்கொள்கிறோம். பி.எட். வேண்டும், தேர்வாணையத் தேர்வுக்கு உழைக்கவும் வேண்டும். கடன்பட்டுப் பெற்ற பொறியியல் பட்டம் மட்டும் உழைப்பின்றி உணவளிக்கிறதா?

1377ஆம் ஆண்டில் இப்னு கல்தூன் ‘முகத்திமா’வை எழுதினார். அவர் பெயரை மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். வக்ஃபு நிலம் வழக்குக்குப் போனாலோ, பழைய பட்டயத்தையும் இனாம் பதிவேட்டையும் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைகிறோம். பாட்டனார் விட்டுச் சென்ற அரபுத்தமிழ் ஏடுகள் பரணில் கரையானுக்கு இரையாகின்றன. இதில் மத்ரஸாக்காரர்களாகிய நமக்கும் பங்குண்டு. நபிமார் வரலாற்றை ஓதுவித்தோம். பிள்ளைகளை அழைத்துச் சென்று ஊர்ப் பள்ளிவாசலின் கல்வெட்டை ஒருநாளும் காட்டினோமில்லை.