மாசச் சம்பளம் ரூ.13 ஆயிரம்... மணிக்கு எவ்வளவு? கடை ஊழியர்கள் போட வேண்டிய கணக்கு!

காரைக்குடி: "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். "மணிக்கு எவ்வளவு?" என்றால் பலரும் முழிப்பார்கள். கல்லுக்கட்டி, செக்காலை ரோடு பக்கம் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, பலகாரக்கடை என எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் மாசச் சம்பளம்தான் பேச்சு. எத்தனை மணி நேரம் வேலை என்ற பேச்சே வருவதில்லை. கைநழுவிப் போகும் காசு அங்கேதான் இருக்கிறது.

30 இல்லை... 26!

உதாரணத்துக்கு மாதம் ரூ.13 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். வார லீவு போக வேலை நாள் 26. அப்படி வகுத்தால் நாள் சம்பளம் ரூ.500. அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.62.50. பணிக்கொடை வழக்கு ஒன்றில் 1984-ல் சுப்ரீம் கோர்ட்டே இந்த 26 நாள் கணக்கை ஏற்றுக்கொண்டது. லீவு போட்டால் 26-ஆல் வகுத்துப் பிடிப்பதும், ஓவர் டைம் கொடுக்கும்போது மட்டும் 30-ஆல் வகுப்பதும் நியாயமில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. 4 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். வாரம் ஒரு நாள் லீவு, அதற்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. ஓவர் டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர் டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம். உட்கார இருக்கை தர வேண்டும் என்பது 2021-ல் சேர்ந்தது.

பாதி சம்பளம் அவுட்!

காலை 10 மணிக்கு வந்து இரவு 9 மணிக்குக் கிளம்புகிறார் ஒருவர். சாப்பாட்டு நேரம் போக 10 மணி நேரம் வேலை. அதே ரூ.13 ஆயிரத்தை இந்த நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ரூ.50 தான்! தினமும் கூடுதலாக 2 மணி நேரம், மாசத்துக்கு 52 மணி நேரம். இரட்டிப்பாக ரூ.125 வீதம் போட்டால் ரூ.6,500. பாதி மாசச் சம்பளம்! போதாததுக்கு, வாரத்துக்கு 60 மணி நேரம் ஆகிறது. காசு கொடுத்தாலும் இது விதிமீறல்தான்.

12 மணி நேரம்

ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று அது வாபஸ் ஆனது. 2025 நவம்பர் 21-ல் அமலான மத்திய ஊதியச் சட்டத்திலும் ஓவர் டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் உண்டு. சம்பளச் சீட்டு தருவதும் முதலாளியின் கடமை. பாக்கி கேட்டு மனு போட 3 வருஷம் வரை அவகாசம் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

"கேட்டா வேலை போயிடுமே" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் குறித்து வைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. தினமும் வந்த நேரம், போன நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புகார் கொடுக்க சிவகங்கையில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

தீபாவளி சீசனில் கடை அடைக்க ராத்திரி 11 மணி ஆனாலும் "போனஸ்ல பார்த்துக்கலாம்" என்பார்கள். போனஸ் வேற, ஓவர் டைம் வேற!