என்ஜினைக் கழுவுவது வீண் செலவா?

குர்லாவிலும் காட்கோபரிலும் குடியிருக்கும் நம்மவர்கள், தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானங்களை அண்ணாந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். அந்த விமானங்களின் என்ஜினையும் அவ்வப்போது கழுவ வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

வெளி உடம்பைத் துடைப்பது பயணிகளின் கண்ணுக்காக. என்ஜின் விஷயம் வேறு. அது ஓயாமல் காற்றை உறிஞ்சுகிறது. மும்பையின் கடல் உப்பு, கட்டட வேலைத் தூசி, எண்ணெய்ப் புகை எல்லாம் காற்றோடு உள்ளே போய், காற்றை அழுத்தும் கம்ப்ரசர் தகடுகளில் படிகின்றன. தகடு அழுக்கானால், அதே வேகத்தில் பறக்கக் கூடுதல் எரிபொருள் வேண்டும். என்ஜினின் சூடும் ஏறும், ஆயுள் குறையும். பஞ்சு அடைந்த இயந்திரம் என்ன பாடு படுத்தும் என்று மில்லில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள்.

விமானத்தை நிறுத்தி வைத்தால் வருமானம் போகுமே என்று நிர்வாகங்கள் தயங்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏர்பஸ் 320 ரக விமானம் மணிக்குச் சுமார் 2,400 கிலோ எரிபொருள் குடிக்கிறது. அழுக்கினால் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் 24 கிலோ. அதாவது 30 லிட்டர். நாளுக்கு 10 மணி நேரம் பறந்தால் 300 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தினம் 27,000 ரூபாய் புகையாகப் போகிறது! கழுவுவதற்கோ ஓர் இரவில் சில மணி நேரமும் சில ஆட்களும் போதும். என்ஜினைப் பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரால் சுழலவிட்டு, முகப்பில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள்.

ஆனாலும், மாதம் பிறந்தால் கழுவு என்று எல்லா விமானத்துக்கும் ஒரே உத்தரவு போடுவதை நாம் ஆதரிக்கவில்லை. என்ஜினின் வெப்ப அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தேய்ந்த தகட்டைத் தண்ணீர் சரிசெய்யாது.

கழுவிய தண்ணீர் என்ன ஆகிறது? அதில் எண்ணெயும் உலோகத் துகளும் கலந்திருக்கும். அதைத் தொட்டியில் பிடித்துச் சுத்திகரிக்கச் சாதனம் வேண்டும். செலவைச் சுருக்க நினைப்பவருக்கு முதலில் கை வைக்கத் தோன்றும் இடம் இதுதான். சாக்கடையில் விட்டால்? மித்தி நதி விமான நிலையத்தைத் தொட்டு ஓடி, தாராவியை ஒட்டி மாகிம் கழிமுகத்துக்குப் போகிறது. 2005 ஜூலை 26-ல் அந்த ஆற்றுத் தண்ணீர் யார் வீட்டுக்குள் புகுந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

எரிபொருளில் மிச்சமாகும் பணத்தில் முதல் செலவு அந்தத் தொட்டிக்கும், இரவெல்லாம் நின்று கழுவும் தொழிலாளியின் கையுறைக்கும் கண்ணாடிக்கும் ஆகட்டும். டிக்கெட் விலையைக் குறைப்பார்களா என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.